பாய்மரப் படகில் லேப்டாப் டிவி: இரண்டு இரவுகளில் கற்ற பாடம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலருக்கும் ஒரு கேள்வி எழும். இதிலேயே டிவியும் பார்க்க முடியுமா? முடியும். ஒரு சிறிய டிவி ட்யூனரும் ஓர் ஆன்டெனாவும் இருந்தால் போதும். ஆனால் எந்த ஆன்டெனா, எங்கே வைப்பது, பூஸ்டர் வேண்டுமா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள்.

நான் இங்கிலாந்தின் தென் கரையில் உள்ள சவுத்தாம்ப்டன் நகரில் வேலை பார்க்கிறேன். என் அலுவலக நண்பர் ஒருவரிடம் 30 அடி நீளமுள்ள சிறிய பாய்மரப் படகு இருக்கிறது. இரண்டு இரவுகள் அதில் தங்கி லேப்டாப்பில் டிவி பார்த்த கதையை இங்கே சொல்கிறேன். "என்னிடம் படகு இல்லையே" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து பல வருடம் புரியாத விஷயங்கள் எனக்கு அந்தப் படகில்தான் புரிந்தன. அங்கே ஒரு தவறும் செய்தேன். டிவிக்காக நான் ஆன் செய்து வைத்த ஒரு சின்னப் பெட்டி, படகுக்கு வழி காட்டும் ஜிபிஎஸ் கருவியையே குருடாக்கி விட்டது. அதுவும் கண் தெரியாத மூடுபனியில்.

முதலில் அடிப்படைகளைப் பார்ப்போம்.

என்னென்ன தேவை?

பிரிட்டனில் ஆன்டெனா மூலம் இலவசமாகக் கிடைக்கும் டிஜிட்டல் டிவி சேவையின் பெயர் ஃப்ரீவியூ. இதை லேப்டாப்பில் பார்க்க நான் எடுத்துச் சென்ற சாமான்கள் இவை:

1. யுஎஸ்பி டிவி ட்யூனர். பென் டிரைவ் போலச் சிறியதாக இருக்கும். ஒரு முனை லேப்டாப்பில் செருகும். மறு முனையில் ஆன்டெனா ஒயரை இணைக்க வேண்டும்.

2. ஆன்டெனா. குச்சி குச்சியாக, முன்பக்கம் குறுகிக் கொண்டே போகும் லாக் பீரியாடிக் வகை.

3. 75 ஓம்ஸ் கோஆக்ஸியல் கேபிள். நம் ஊரில் கேபிள் டிவிக்குப் போடும் அதே ஒயர்தான்.

4. ஓர் ஆம்ப்ளிஃபையர். நம் ஊர் பாஷையில் பூஸ்டர். 12 வோல்ட்டில் வேலை செய்யும் மலிவான ஒன்று.

ட்யூனர் வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஃப்ரீவியூவில் சாதாரணச் சேனல்கள் டிவிபி-டி என்ற முறையில் வருகின்றன. எச்டி சேனல்கள் டிவிபி-டி2 என்ற முறையில் வருகின்றன. பழைய ட்யூனர்களுக்கு முதல் முறை மட்டுமே தெரியும். எனவே அட்டையில் டி2 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நாட்டுக்கு நாடு முறை மாறும் என்பதால் ஒரு நாட்டில் வாங்கியதை வேறு நாட்டுக்கு எடுத்துப் போனால் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம்.

இன்னொன்று. பிரிட்டனில் நேரடி ஒளிபரப்பைப் பார்க்க டிவி லைசென்ஸ் வேண்டும். வீட்டில் பார்த்தாலும் படகில் பார்த்தாலும் இது பொருந்தும். வீட்டு லைசென்ஸ் படகுக்கும் செல்லுமா என்பதைக் கிளம்பும் முன் பார்த்துக் கொள்வது நல்லது.

சேனல் தேடுவது எப்படி?

ட்யூனரைச் செருகி, அதனுடன் வரும் டிரைவரை இன்ஸ்டால் செய்ய வேண்டும். பிறகு அதனுடன் தரப்படும் டிவி சாப்ட்வேரைத் திறந்து, நாட்டைத் தேர்ந்தெடுத்து ஸ்கேன் என்பதைக் கிளிக் செய்தால் சேனல்களைத் தானே தேடி வரிசைப்படுத்தும். முன்பு விண்டோசுடன் மீடியா சென்டர் என்ற புரோகிராம் வந்தது. விண்டோஸ் 10 முதல் அது இல்லை. எனவே ட்யூனருடன் வரும் சாப்ட்வேரையோ, இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரையோ பயன்படுத்தலாம்.

விஎல்சியில் மீடியா மெனு சென்று ஓப்பன் கேப்சர் டிவைஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். கேப்சர் மோட் என்ற இடத்தில் டிஜிட்டல் டிவியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து அலைவரிசையைக் கொடுக்க வேண்டும். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. யுஎச்எஃப் சேனல் எண்ணை 8ஆல் பெருக்கி 306ஐக் கூட்டினால் மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். உதாரணமாகச் சேனல் 24 என்றால் 24 x 8 = 192. அதனுடன் 306 சேர்த்தால் 498 மெகாஹெர்ட்ஸ். விஎல்சி கிலோஹெர்ட்ஸ் கணக்கில் கேட்பதால் 498000 என்று டைப் செய்ய வேண்டும். பேண்ட்வித் 8 மெகாஹெர்ட்ஸ்.

வீட்டில் இந்தத் தேடலை ஒரு முறை செய்தால் போதும். படகில் அப்படி இல்லை. இன்று ஒரு துறைமுகம், நாளை வேறு துறைமுகம். டவர் மாறினால் சேனல் எண்களும் மாறும். ஒவ்வொரு புதிய இடத்திலும் ஸ்கேன் செய்ய வேண்டும். "நேற்று வந்த சேனல் இன்று காணோம், ட்யூனர் கெட்டு விட்டது" என்று பலர் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

உயரம், திசை, படுக்கையா நிமிர்வா?

நான் தூத்துக்குடிக்காரன். சிறு வயதில் எங்கள் தெருவில் கடல் தாண்டி வரும் இலங்கை ரூபவாஹினிக்காக மொட்டை மாடியில் உயரமான பைப்பில் ஆன்டெனா கட்டுவார்கள். மேலே ஒருவர் திருப்ப, கீழே இருந்து ஒருவர் "இப்ப தெரியுது... போச்சு... திரும்பக் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று கத்துவார். அப்போது விளையாட்டாகத் தெரிந்த அதே மூன்று விஷயங்கள்தான் படகிலும் முக்கியம்.

முதலாவது உயரம். டிவி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகின்றன. பூமி உருண்டை என்பதால் ஒரு தூரத்துக்கு மேல் டவர் அடிவானத்துக்குக் கீழே மறைந்து விடும். மீட்டரில் உள்ள உயரத்துக்கு வர்க்கமூலம் கண்டு 4.12ஆல் பெருக்கினால் அந்த உயரத்துக்கான ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். கடல் மட்டத்தில் இருந்து 225 மீட்டர் உயரத்தில் இருக்கும் டவருக்கு இது சுமார் 62 கிலோமீட்டர். படகில் 2 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் அதனுடன் 6 கிலோமீட்டர் சேரும். 12 மீட்டர் உயரப் பாய்மர உச்சியில் இருந்தால் 14 கிலோமீட்டர் சேரும். அதாவது உச்சியில் ஏற்றினாலும் கூடுதலாகக் கிடைப்பது 8 கிலோமீட்டர்தான். ஆனாலும் உயரத்துக்கு வேறு பயன் உண்டு. பக்கத்துப் படகுகள், கரையில் உள்ள கட்டடங்கள், மரங்கள் ஆகியவற்றைத் தாண்டிப் பார்க்க அது உதவும்.

உச்சியில் ஏற்றினால் கேபிளும் நீளும் என்பதை மறக்க வேண்டாம். சாதாரண ஆர்ஜி-6 கேபிளில் 20 மீட்டர் ஓடினால் சிக்னலில் ஏறத்தாழ பாதி வழியிலேயே போய் விடும்.

இரண்டாவது திசை. வீட்டு ஆன்டெனாவை ஒரு முறை டவரைப் பார்த்துத் திருப்பி முடுக்கி விட்டால் ஆண்டுக் கணக்கில் அப்படியே இருக்கும். நங்கூரம் போட்ட படகு நிலையாக நிற்காது. காற்றும் நீரோட்டமும் எங்கே தள்ளுகின்றனவோ அங்கே திரும்பும். ஏற்றம் வற்றமாக மாறும்போது, அதாவது சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, தலைகீழாகத் திரும்பி நின்று விடும். இதற்காகவே எல்லாத் திசையிலும் வாங்கும் வட்டமான ஆன்டெனாக்களைப் படகுக்கென்று விற்கிறார்கள். ஆனால் எல்லாப் பக்கமும் பார்ப்பதால் எந்தப் பக்கமும் வலுவாகப் பார்க்காது. தூரம் குறைந்த இடத்துக்கு அது நல்லது. தூரமான இடத்துக்கு ஒரு பக்கம் பார்க்கும் ஆன்டெனாதான் சரி. அவ்வப்போது எழுந்து போய்த் திருப்ப வேண்டும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஆன்டெனாவின் குச்சிகள் படுக்கையாக இருக்க வேண்டுமா, நிமிர்ந்து நிற்க வேண்டுமா? இதைப் போலரைசேஷன் என்பார்கள். டவர் எப்படி அனுப்புகிறதோ அப்படியே வாங்க வேண்டும். பிரிட்டனில் பெரிய டவர்கள் பொதுவாகப் படுக்கையாகவும், சிறிய துணை டவர்கள் பொதுவாக நிமிர்வாகவும் அனுப்புகின்றன. மாற்றி வைத்தால் சிக்னல் நூறில் ஒரு பங்காகக் கூடக் குறையலாம். பக்கத்து வீடுகளின் ஆன்டெனாக்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தாலே விடை தெரிந்து விடும். துறைமுகத்தில் நுழையும்போது கரையில் உள்ள கூரைகளைப் பாருங்கள். அவை டவர் இருக்கும் திசையையும் காட்டிக் கொடுத்து விடும்.

முதல் இரவு: தூரத்தில் நல்ல படம்

நாங்கள் சவுத்தாம்ப்டனுக்கு அருகே உள்ள ஹாம்பிள் ஆற்றில் இருந்து கிளம்பினோம். எதிரே வைட் தீவு. கரைக்கும் தீவுக்கும் இடையே உள்ள கடலுக்குச் சோலண்ட் என்று பெயர். தீவின் நடுவே குன்றின் மேல் சுமார் 150 மீட்டர் உயரமுள்ள ரோரிட்ஜ் டவர் நிற்கிறது. தென் கரையின் பெரும்பகுதிக்கு டிவி தருவது அதுதான். படுக்கை, நிமிர்வு ஆகிய இரண்டு வகையிலும் அனுப்பும் டவர் அது. எனவே இந்தப் பகுதியில் மட்டும் எப்படி வைத்தாலும் படம் வர வாய்ப்பு உண்டு.

முதல் இரவு மேற்கே பூல் துறைமுகத்தில் நங்கூரம் போட்டோம். ரோரிட்ஜ் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். முதலில் ஆன்டெனாவைக் கேபினுக்குள் ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தேன். ஒரு சேனலும் வரவில்லை. பிறகு ஒரு கழியில் கட்டிப் படகின் பின்பக்கக் கம்பியில் நிறுத்தினேன். பாதிச் சேனல்கள் வந்தன. ஆனால் படம் கட்டம் கட்டமாக உடைந்தது.

பழைய அனலாக் டிவியில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆனாலும் ஆட்டம் பார்க்கலாம். பிரிட்டனில் அனலாக் 2012ல் முழுவதுமாக நின்று விட்டது. டிஜிட்டலில் நடுவாந்தரம் என்பது கிடையாது. தேவையான அளவு இருந்தால் பளிச்சென்று படம். கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும். இன்னும் குறைந்தால் இருட்டு. கிணற்றுச் சுவரில் நடப்பது மாதிரிதான். விழும் வரை எல்லாம் நன்றாகவே இருக்கும்.

கொண்டு வந்திருந்த பூஸ்டரை ஆன்டெனாவுக்கு அடியிலேயே இணைத்தேன். உடனே எல்லாச் சேனல்களும் வந்தன. நண்பர் தேநீர் போட்டுக் கொண்டு வர, கால்பந்து ஆட்டம் பார்த்தோம். நடுவில் நீரோட்டம் மாறிப் படகு திரும்பியபோது மட்டும் நான் எழுந்து போய் ஆன்டெனாவைத் திருப்ப வேண்டியிருந்தது. தூத்துக்குடி மொட்டை மாடி நினைவுக்கு வந்தது. "பூஸ்டர் போட்டால் எல்லாம் சரியாகி விடும்" என்ற முடிவுக்கு வந்தேன். அதுதான் நான் செய்த தவறு.

இரண்டாம் இரவு: பக்கத்தில் படமே இல்லை

மறுநாள் திரும்பி வரும் வழியில் வைட் தீவின் வட கரையில் நியூடவுன் க்ரீக் என்ற உப்பங்கழிக்குள் நுழைந்தோம். வாய் குறுகலானது. இரு பக்கமும் கூழாங்கல் திட்டு. உள்ளே போய் விட்டால் குளம் போல அமைதி. ரோரிட்ஜ் டவர் அங்கிருந்து சுமார் 6 கிலோமீட்டர்தான். "இன்று படம் பிய்த்துக் கொண்டு வரும்" என்று நண்பரிடம் சொன்னேன்.

ஆன்டெனா, பூஸ்டர், கேபிள் எல்லாம் முதல் நாள் இருந்த மாதிரியே இணைத்தேன். ஸ்கேன் செய்தேன். ஒரு சேனலும் இல்லை!

சாப்ட்வேரில் சிக்னலைக் காட்டும் இரண்டு பட்டைகள் இருக்கும். ஒன்று ஸ்ட்ரெங்த், அதாவது எவ்வளவு வருகிறது என்பது. மற்றது குவாலிட்டி, அதாவது வருவதில் எவ்வளவு புரிகிறது என்பது. அன்று ஸ்ட்ரெங்த் நூறு. குவாலிட்டி பூஜ்யம். எனக்கு அதன் பொருள் அப்போது புரியவில்லை. ஆன்டெனாவைத் திருப்பினேன், உயர்த்தினேன், ஒயரை மாற்றினேன். ஒரு மணி நேரம் போராடி விட்டு லேப்டாப்பை மூடி வைத்துத் தூங்கி விட்டோம். பூஸ்டருக்குப் போகும் 12 வோல்ட் சுவிட்சை ஆஃப் செய்ய மறந்து விட்டேன்.

மூடுபனியில் குருடான ஜிபிஎஸ்

காலையில் எழுந்து பார்த்தால் வெள்ளைத் துணி போர்த்திய மாதிரி மூடுபனி. படகின் அணியத்தில் நின்றால் பின்பக்கம் மங்கலாகத்தான் தெரிந்தது. நியூடவுனில் நீர் வற்றினால் ஆழம் மிகவும் குறையும். ஏற்றத்திலேயே வெளியேறி விடலாம், மெதுவாக ஜிபிஎஸ்ஸைப் பார்த்துப் போகலாம் என்று நண்பர் கருவியை ஆன் செய்தார். வரைபடம் வந்தது. ஆனால் படகு எங்கே இருக்கிறது என்று காட்டும் குறி வரவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தும் ஒரு சாட்டிலைட் கூடக் கிடைக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். வாய் குறுகல். வெளியே சோலண்டில் சவுத்தாம்ப்டனுக்குப் போகும் பெரிய கப்பல்கள். கண்ணும் தெரியவில்லை, கருவியும் தெரியவில்லை. நண்பர் முப்பது வருடமாகக் கடலில் போகிறவர். ஒரு வார்த்தை பதற்றமாகப் பேசவில்லை. "நாம் எங்கேயும் போகவில்லை" என்று சொல்லி இன்ஜினை அணைத்து விட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதன் பிறகு காரணத்தைத் தேடினோம். நான் என் செல்போனை எடுத்துக் கொண்டு பின்பக்கம் போனேன். அதிலும் இடம் காட்டவில்லை. அப்படியே நடந்து அணியத்துக்குப் போனேன். அங்கே காட்டியது! திரும்பப் பின்பக்கம் வந்தேன். தடுமாறியது. அப்படியானால் கெட்டுப் போனது கருவி அல்ல. பின்பக்கத்தில் ஏதோ ஒன்று தொந்தரவு செய்கிறது. ஜிபிஎஸ் கருவியின் ஆன்டெனாவும் பின்பக்கக் கம்பியில்தான் இருந்தது. அதற்கு அரை மீட்டர் தள்ளி, நான் கட்டிய டிவி ஆன்டெனாவும் பூஸ்டரும்.

நண்பர் சுவிட்ச் பலகைக்குப் போய் ஒவ்வொன்றாக அணைத்தார். ஃப்ரிட்ஜ். மாற்றமில்லை. கேபின் விளக்கு. மாற்றமில்லை. மூன்றாவதாக பூஸ்டர். இரண்டு நிமிடத்துக்குள் படகின் குறி திரையில் வந்து உட்கார்ந்தது. மறுபடி பூஸ்டரை ஆன் செய்தார். குறி போய் விட்டது. ஆஃப் செய்தார். வந்து விட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது?

ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து நம்மை வந்து சேரும் சிக்னல் மிக மிக மெல்லியது. அதன் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். பக்கத்தில் யாராவது அதே அலைவரிசையில் லேசாக முணுமுணுத்தாலும் அது காதில் விழாது.

பூஸ்டரின் வேலை சிறிய சிக்னலைப் பெரிதாக்குவது. ஏற்கெனவே பெரியதைக் கொடுத்தால் அது திணறும். இதை ஓவர்லோட் என்பார்கள். திணறும்போது உள்ளே வந்த அலைகளை உருக்குலைத்து, அவற்றின் இரு மடங்கு, மும்மடங்கு அலைவரிசைகளையும் தானே உண்டாக்கும். இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். ரோரிட்ஜ் அனுப்பும் சேனல்களில் ஒன்று 27. அது 518 முதல் 526 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது. அதற்குள் இருக்கும் 525ஐ மூன்றால் பெருக்குங்கள். 1575! ஜிபிஎஸ்ஸின் வீட்டு வாசலிலேயே போய் நிற்கிறது.

பூல் துறைமுகத்தில் டவர் தூரம். பூஸ்டர் திணறவில்லை. படமும் வந்தது, ஜிபிஎஸ்ஸும் வேலை செய்தது. நியூடவுனில் டவர் பக்கம். பூஸ்டர் திணறியது. படமும் போனது, ஜிபிஎஸ்ஸும் போனது. ஸ்ட்ரெங்த் நூறு, குவாலிட்டி பூஜ்யம் என்று முதல் நாள் இரவே சாப்ட்வேர் எனக்குச் சொல்லியிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2001ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாமல் போனது. நிபுணர்கள் கருவிகளுடன் தேடிக் கண்டுபிடித்த குற்றவாளி, டிவி ஆன்டெனாக்களோடு வந்த ஆம்ப்ளிஃபையர்கள்தான். அவை தாமாகவே அலைகளை வெளியிட்டுக் கொண்டிருந்தன. டிவி ஆன்டெனாக்கள் ஜிபிஎஸ்ஸைக் கெடுக்கலாம் என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படை படகுக்காரர்களை எச்சரித்தது. 2018ல் அதே காவல் படை, சில எல்இடி விளக்குகள் படகின் விஎச்எஃப் ரேடியோவைக் கெடுப்பதாகவும் எச்சரித்தது.

பூஸ்டரைக் கழற்றி விட்டு ஆன்டெனாவை நேராக லேப்டாப்பில் இணைத்து ஸ்கேன் செய்தேன். எல்லாச் சேனல்களும் வந்தன. கண்ணாடி போல் படம். ஜிபிஎஸ்ஸும் அசையவில்லை. முதலில் பார்த்தது வானிலை அறிக்கைதான். மூடுபனி விலகியதும் கிளம்பி ஹாம்பிள் வந்து சேர்ந்தோம்.

பாட்டரிக் கணக்கு

படகில் மின்சாரம் என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி. எடுத்தால் குறையும். என் லேப்டாப் சுமார் 30 வாட் எடுக்கும். 12 வோல்ட்டில் அது 2.5 ஆம்பியர். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் அதன் இழப்பையும் சேர்த்து 3 ஆம்பியர் என்று வையுங்கள். நான்கு மணி நேரம் பார்த்தால் 12 ஆம்பியர்-அவர். 100 ஆம்பியர்-அவர் ஈய பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். எனவே கையில் இருப்பது 50தான். அதில் நங்கூர விளக்கு, ஃப்ரிட்ஜ், ரேடியோ எல்லாம் ஓட வேண்டும். டிவிக்கு நான்கில் ஒரு பங்கு போய் விடும். இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் பாட்டரியில் இருந்து மட்டும் டிவிக்கு மின்சாரம் எடுக்கவே கூடாது.

இன்வெர்ட்டரும் மலிவான சார்ஜர்களும் கூட இரைச்சலைக் கிளப்பும். ஒரு சோதனை செய்து பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கி விட்டு லேப்டாப்பை அதன் சொந்த பாட்டரியில் ஓட்டுங்கள். குவாலிட்டி பட்டை ஏறினால் குற்றவாளி சார்ஜர்தான். ட்யூனரை நேராக லேப்டாப்பில் செருகாமல் ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுத் தள்ளி வைத்தாலும் சில சமயம் பலன் கிடைக்கும்.

செய்யக் கூடாத ஒன்று

பாய்மர உச்சியில் ஏற்கெனவே விஎச்எஃப் ரேடியோவுக்கான ஆன்டெனா இருக்குமே, அதிலேயே ஓர் ஒயரைப் பிரித்து டிவிக்கு எடுத்தால் என்ன என்று தோன்றும். செய்யாதீர்கள். அந்த ரேடியோ பேசும்போது 25 வாட் வரை அனுப்பும். அது உங்கள் ட்யூனருக்குள் பாய்ந்தால் ட்யூனர் போய் விடும். அதை விட முக்கியம், ஆபத்தில் உதவி கேட்க வேண்டிய ரேடியோவின் சக்தி வீணாகும். இதற்கென்றே செய்யப்பட்ட ஸ்பிளிட்டர் இல்லாமல் அந்த ஒயரைத் தொடவே வேண்டாம்.

இன்டர்நெட், சாட்டிலைட்?

கரைக்கு அருகே மொபைல் சிக்னல் இருந்தால் இன்டர்நெட்டில் டிவி பார்க்கலாம். பிபிசியின் ஐபிளேயர் 2007 முதல் இருக்கிறது. ஆனால் டேட்டா வேகமாகக் கரையும். மறைவான உப்பங்கழிகளில் மொபைல் சிக்னலும் திணறும்.

சாட்டிலைட் டிஷ் இன்னும் கஷ்டம். 60 சென்டிமீட்டர் டிஷ் பார்க்கும் வானத்தின் அகலம் சுமார் 3 டிகிரிதான். படகு லேசாக ஆடினாலே சாட்டிலைட் நழுவி விடும். தானே திரும்பிப் பின்தொடரும் குமிழ் வடிவ ஆன்டெனாக்கள் உண்டு. அவற்றின் விலை சாதாரணப் படகுக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது.

உங்கள் வீட்டுக்கு என்ன பாடம்?

படகை விட்டு வீட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர், வை-ஃபை, டிவி என்று எது தகராறு செய்தாலும் நான் கற்ற இந்தப் பாடங்களைக் கடைப்பிடியுங்கள்.

1. முதலில் ஆன்டெனாவை, அதன் இடத்தை, திசையைச் சரி செய்யுங்கள். பூஸ்டர் கடைசி. பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும்.

2. ஸ்ட்ரெங்த்தை மட்டும் பார்க்காதீர்கள். குவாலிட்டியைப் பாருங்கள். ஸ்ட்ரெங்த் மிக அதிகம், குவாலிட்டி மிகக் குறைவு என்றால் சிக்னல் போதவில்லை என்று பொருள் அல்ல. திகட்டி விட்டது என்று பொருளாக இருக்கலாம்.

3. ஒரு கருவி வேலை செய்யவில்லை என்றால் அதையே பிரித்துப் பார்க்காதீர்கள். கடைசியாகப் புதிதாக எதைச் சேர்த்தீர்கள் என்று யோசியுங்கள். பக்கத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அணையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை அணைத்தால் எது காரணம் என்று தெரியாது.

4. சந்தேகப்பட்டதை மறுபடி ஆன் செய்து பாருங்கள். கோளாறு திரும்ப வந்தால்தான் காரணம் உறுதி.

5. தேவையில்லாததைத் தூங்கும் முன் அணைத்து விடுங்கள்.

இப்போதும் அந்தப் படகில் போகும்போது லேப்டாப்பும் ட்யூனரும் என் பையில் இருக்கின்றன. பூஸ்டரும் இருக்கிறது. தூரமான துறைமுகத்தில் மட்டும் எடுப்பேன். அதை ஆன் செய்தவுடன் நான் முதலில் பார்ப்பது டிவித் திரையை அல்ல, ஜிபிஎஸ் திரையைத்தான். அதன் சுவிட்சுக்கு மேல் நண்பர் ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.